பென்ரித் வரை பக்கத்து இருக்கையில்

அமெரிக்கப் போக்குவரத்தின் வரலாற்றைப் பல வகுப்புகளுக்குப் படிப்பித்தவன் நான். இரு கடல்களை இணைத்த ரயில் பாதை, வீட்டுக்கு வீடு வந்த மலிவான கார், மரமும் துணியுமாய் எழும்பிய முதல் விமானம். மாணவர்கள் ஆண்டுகளைப் பாடமாக்கினார்கள். என் மனதில் தங்கியது வேறு. இயந்திர விமானம் விழுந்து முதன்முதலில் இறந்தவர் அதை ஓட்டியவர் அல்லர், பக்கத்தில் இருந்தவர். ஓட்டியவர் எலும்பு முறிவோடு தப்பிவிட்டார்.

அறுபத்தெட்டு வயதில் என் மனைவி லைசென்ஸ் எடுத்த நாள் முதல் பக்கத்தில் இருந்து இறந்த அந்த மனிதரின் நினைப்பாகவே இருந்தேன்.

என் இரண்டு கண்களிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஆறு கிழமைக்கு ஒருமுறை பென்ரித் கிளினிக்கில் கண்ணுக்கு ஊசி போட வேண்டும். தவறினால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கூட்டிப்போய் வந்த மகன் வேலை மாறி மெல்பேர்னில் ட்ருகனினாவுக்குப் போய்விட்டான். செவன் ஹில்ஸ் வீட்டில் மிஞ்சியது நாங்கள் இருவரும் ஒரு காரும்.

"ரயிலில போவம்," என்றேன்.

"இண்டைக்கு ரயில் ஓடாது. பாதை வேலை. ஏறுங்கோ."

"அடுத்த கிழமைக்கு மாத்திக் கேட்டால்?"

"கண் அதுவரைக்கும் காத்துக்கொண்டு நிக்குமோ? உங்கட அமெரிக்காவில, கார் வந்த புதுசில ஒரு பொம்பிளை ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு ஓட்டினவ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அவவோட போன மூண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாதாம். ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப ரோட்டில இவ்வளவு லொறி இல்லை."

"ரோட்டே இல்லை எண்டும் சொன்னனீங்கள்."

ஏறினேன். சீற் பெல்ற்றை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன்.

எம் ஃபோர் நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் அவள் காரை மெதுவாக்கினாள். வலப்பக்கம் லொறிகள் இடைவெளியின்றிப் போயின. ஐந்து வரை எண்ணினேன். எங்கள் தடம் குறுகிக்கொண்டே வந்தது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"இடம் இருக்கோ பாருங்கோ!" என்று கத்தினாள்.

திரும்பிப் பார்த்தேன். பார்த்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டு மட்டும் நின்றது. அதற்குள் லொறி இருந்ததா, வெறும் ரோடா?

"எனக்குத் தெரியேல்லை."

"அப்ப பேசாம இருங்கோ."

தோளுக்கு மேலால் தானே பார்த்தாள். மிதித்தாள். என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி பெருமூச்சு விட்டு வேகம் குறைந்தது.

பென்ரித் வரை அவள் இடப்பக்கத் தடத்தை விட்டு மாறவில்லை. கிளினிக் வாசலில் காரை நிறுத்தியபின்தான் கடைக்கண்ணால் அவள் கைகளைக் கண்டேன். கார் நின்ற பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் இறுகப் பிடித்திருந்தன. அதுவரை பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அது இரண்டு மடங்காகிவிட்டது.

திரும்பும்போது ஊசி போட்ட கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். நெடுஞ்சாலை வந்ததும் மற்றக் கண்ணை நானே மூடிக்கொண்டேன்.