கழுவி வைத்த கல்

சண்முகத்தாய் அக்கா கடலைப் பார்த்ததே கிடையாது. ராமேஸ்வரத்துக்குக்கூடப் போனதில்லை. ஆனால் போடியில் ஏலக்காய் வியாபாரி ராஜபாண்டியின் வீட்டுக் கூடத்தில், ஐந்தடிக் கண்ணாடித் தொட்டிக்குள், ஒரு துண்டுக் கடலை ஒன்பது வருஷம் சாகவிடாமல் வைத்திருந்தவள் அவள்தான். அதை ஒரே நாளில் சாகடித்தவர்கள் நான்கைந்து பேர். அதில் நானும் ஒருவன். என் பெயர் கார்த்திக்ராஜ், தேனி அல்லிநகரத்தில் எலக்ட்ரீஷியன். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அக்கா பிறந்தது மார்க்கையன்கோட்டை. போடிக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஏற்றிப் போனவன் பூப்பாறையில் இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. ராஜபாண்டியின் குடோனில் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள எட்டு மில்லிக் காய், ஏழு மில்லிக் காய், வெடித்தது, வெளுத்தது, கறுத்தது. சல்லடை போட்டுச் சலிப்பதற்கு முன்பே அவள் கண்ணே சலித்துப் பிரித்துவிடும். பச்சையில் பத்துப் பன்னிரண்டு பச்சை உண்டு என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

ராஜபாண்டி கொச்சியில் ஒரு பெரிய வியாபாரி வீட்டில் இந்த மாதிரி கடல் தொட்டியைப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். கொச்சியிலிருந்து ஒருவர் வந்து நான்கு நாள் தங்கி அமைத்துக் கொடுத்தார். பார்த்துக்கொள்ள யார்? முதலாளி அம்மா மகாலட்சுமிக்கு அந்த வாடையே ஆகாது. வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டிய அவசியம் இல்லாதவள் என்று சண்முகத்தாயைக் குடோனிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுடைய தகுதியாக அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொச்சிக்காரர் மலையாளமும் தமிழுமாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். "சேச்சி, மீன் போயால் வேற வாங்காம். கல்லு போயால் எல்லாம் போயி." மீன் செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், கல் செத்தால் எல்லாமே போச்சு என்று அர்த்தம். தொட்டிக்குள் அடுக்கியிருந்த கற்கள் கடலிலிருந்து வந்தவை. அவற்றின் பொடிப்பொடி ஓட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து, மீன்களின் கழிவைத் தின்று தண்ணீரை விஷமாகாமல் வைத்திருக்கும். அந்தக் கல் காயக்கூடாது, நல்ல தண்ணீர் படக்கூடாது. அக்காவுக்கு இது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. "உசுருள்ள கல்லு" என்பாள்.

நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்ததே அவளால்தான். ஒரு நாள் கொச்சிக்காரருக்குப் போன் போட்டு, "வலது ஓரத்துப் பவளம் எட்டு மில்லிக் காய்ப் பச்சையில இருந்துச்சு, ரெண்டு நாளா பழுத்த காய்ப் பச்சைக்குப் போகுது" என்றிருக்கிறாள். அவர் விளக்கைப் பார்க்கச் சொன்னார். நான் போய்க் கழற்றினால், உள்ளே பாதி எல்.ஈ.டி. செத்துக் கிடந்தது. எங்கள் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

கல் நடுவே ஒரு கடல்சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் விரலாக நீட்டிக்கொண்டு சாமந்திப் பூப்போலவே ஆடும். அதற்குள் இரண்டு ஆரஞ்சு மீன்கள், உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. "இதுகள்ல பொம்பளதான் தம்பி பெருசு. ஆம்பள பின்னாடியே சுத்திக்கிட்டுக் கெடப்பான்" என்று சொல்லிச் சிரிப்பாள். பெரியதற்குப் 'பெரியவ' என்று பெயர், சின்னதற்கு 'மாப்ள'. அவள் கை தண்ணீருக்குள் போனால் பெரியவ வந்து விரலைக் கடிக்கும். அந்த வீட்டில் அவள் உட்கார அனுமதி இருந்த ஒரே இடம் தொட்டிக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூல். விருந்தாளிகள் வந்து "யாரு பாத்துக்கிறாக?" என்று கேட்டால், "எல்லாம் நாந்தான்" என்பார் மகாலட்சுமி அம்மா. அக்கா அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

போன வைகாசியில் ராஜபாண்டி அல்லிநகரத்தில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். முதலில் குடிபோய்விட்டு, ஒரு வாரம் கழித்துத் தொட்டியை நிதானமாக மாற்றலாம் என்றார் கொச்சிக்காரர். முதலாளி கேட்கவில்லை.

"பால் காச்சுற அன்னிக்குத் தொட்டி ஓடிக்கிட்டு இருக்கணும். வர்ற ஆளுக பாக்கணும்ல" என்றார்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாளே ஏற்றினோம். பழைய தண்ணீரை டிரம்களில் பிடித்து, கற்களை அதே தண்ணீருக்குள் முக்கி, சாமந்தி ஒட்டிய கல்லை மட்டும் தனி வாளியில் வைத்து, மீன்களைக் கடைசியாகப் பிடித்து, குட்டியானை வண்டியில் போடியிலிருந்து தேனி வரைக்கும் அக்கா டிரம்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரை ஏசினாள். அவள் யாரையும் ஏசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புது வீட்டு வாசலில் மகாலட்சுமி அம்மா மறித்தார். "பசுமாடு நொழையுறதுக்கு முன்னாடி உசுருள்ளது எதுவும் உள்ள போகக்கூடாது, சம்முகத்தாயி."

"சரிம்மா. வெளியவே வச்சுக்கிறேன். காத்து மட்டும் விடாம ஓடணும்."

கார் நிற்கும் இடத்தில் டிரம்களை வரிசையாக வைத்தோம். காற்று பம்புகளை நான் இன்வெர்ட்டரில் மாட்டினேன். அக்கா அங்கேயே இருந்துகொண்டாள்.

விடிந்ததும் பசு நுழைந்தது, ஹோமம் நடந்தது, பால் பொங்கியது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வெயில் ஏற ஏற டிரம்களிலிருந்து வாடை கிளம்பியது. கடல் கல் வெளியே வந்தால் அப்படித்தான் நாறும். மகாலட்சுமி அம்மாவின் நாத்தனார் சொர்ணலதா மூக்கைப் பொத்தினார். "என்ன மதினி, நல்ல நாளும் அதுவுமா இங்கன கவுச்சி அடிக்குது? பந்தி போடுற வீட்டுல ஆளுக என்ன நெனைப்பாக?"

மகாலட்சுமி அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அதற்குள் பூஜை அறையில் வைக்க வேண்டிய மாமியார் படத்தைப் போடியிலேயே விட்டு வந்தது வேறு நினைவுக்கு வந்தது. அக்காவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"அம்மா, இதுகள உள்ள வச்சுட்டுப் போறேனே."

"பந்திக்கு முன்னாடி படம் மாட்டணும். பஸ்ஸுல போயிட்டு ஓடியா. மீன் எங்கயும் போயிராது."

வேண்டுமென்றே அவளை அப்புறப்படுத்தினாரா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. சண்முகத்தாயைப் பற்றி அவ்வளவு தூரம் யோசிக்கிற பழக்கம் அந்த அம்மாவுக்குக் கிடையாது.

அக்கா என்னிடம் வந்தாள். நான் ஏணியில் நின்று சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, கல்லை மட்டும் பாத்துக்கங்க. யாரும் மூடியத் தொறக்க விட்றாதீக."

"போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் தெருமுனை திரும்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெயிண்ட் அடிக்க வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு மகாலட்சுமி அம்மா சொன்னார்: "அந்தக் கல்லையெல்லாம் எடுத்து நல்லாத் தேச்சுக் கழுவுங்கப்பா. பழைய வீட்டு அழுக்கோட எதுவும் உள்ள வரக்கூடாது. ஒம்பது வருசப் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சு வெயில்ல வைங்க."

அந்த வீட்டுக்குள் வந்த அண்டா, அம்மி, கட்டில் எல்லாமே முந்தின வாரம் அப்படித்தான் கழுவப்பட்டிருந்தன. அவருக்குக் கல்லும் அதில் ஒன்று.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. 'அம்மா, அக்கா வரட்டும்' என்ற மூன்று வார்த்தைதான். ஆனால் கடைவீதியில் முதலாளி கட்டும் மூன்று மாடிக் கட்டடத்தின் வயரிங் வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நல்ல நாளில் முதலாளி அம்மாவை எதிர்த்துப் பேசுவானேன் என்று சீரியல் பல்பை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத புது பல்புகள். கீழே கம்பி பிரஷ் கல்லில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து அக்கா திரும்பினாள். மாமியார் படத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். முதலில் உள்ளே போய் அதைக் கொடுத்தாள். பிறகுதான் வந்து பார்த்தாள். கற்கள் சிமெண்டுத் தரையில் வரிசையாக, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பவளங்கள் இருந்த இடத்தில் எலும்புதான் இருந்தது.

"இதுல சாமந்தி இருந்துச்சே" என்றாள்.

"எதுங்கக்கா? சளி கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அதா? அதச் சொரண்டிச் சாக்கடையில விட்டாச்சு" என்றான் பெயிண்டர். நல்ல வேலை செய்த திருப்தி அவன் குரலில் இருந்தது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏணி மேலே நின்ற எனக்கு இறங்கத் தோன்றவில்லை.

அவள் முதலாளியிடம் போய்க் கையைக் கட்டி நின்றாள். "மொதலாளி, கல்லுக்குள்ள மருந்து எறங்கிப் போச்சு. இன்னைக்கு மீன விட்டா நாளைக்கு இருக்காது. ஒரு மாசம் டயம் குடுங்க, கொச்சியில இருந்து வேற கல்லு வரட்டும். அதுவரைக்கும் மீன நான் டிரம்முல வச்சுக் காப்பாத்திப்புடுவேன்."

"ஒரு மாசம் கழிச்சு யாரு வந்து பாக்கப் போறா? சாயங்காலம் மதுரையில இருந்தெல்லாம் வர்றாக. போய்த் தொட்டிய ரெடி பண்ணு."

தொட்டியை நிரப்பினாள். வெள்ளைக் கல்லை அடுக்கினாள். ஒன்பது மீன்களை விட்டாள். வாளியை அலசப் பின்பக்கம் போகிறவள்போல வந்து, போடியிலிருந்து திரும்பிய பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள். "பேட்டரியில ஓடுற பம்பு ஒண்ணு வச்சிருப்பீகளே தம்பி?" எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கக் குளியலறையில், மூடி போட்ட வாளியில், பழைய தண்ணீரில் பெரியவளையும் மாப்ளயையும் வைத்துவிட்டு வந்தாள். மொத்தக் கடலில் அவளால் ஒளிக்க முடிந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. தொட்டியைப் பார்த்து ஊரே மெச்சியது. "கல்லு எப்புடி வெள்ளை வெளேர்னு இருக்கு!" என்றார்கள். "முன்னாடி ஒரே பாசியா இருக்கும், இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் சொர்ணலதா. முதலாளி என் தோளைத் தட்டி, "என்ன கார்த்தி, எப்புடி?" என்றார். "பளிச்சுனு இருக்குங்க மொதலாளி" என்றேன். அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

முதலாளியின் பேத்தி ஓவியாவுக்கு ஐந்து வயது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடிப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சு மீனு எங்க தாத்தா?" என்று கேட்டது.

மகாலட்சுமி அம்மா திரும்பினார். "எங்கடி?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஒளிச்சு வச்சிருக்கியா? நல்ல நாள்ல வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்தியாக்கும்? ஒம்பது வருசம் சோறு போட்ட வீட்டுலயே?" அத்தனை பேர் முன்னாலும் அக்காவின் கையிலிருந்த துணிப்பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். ஒரு சேலை, சீப்பு, கண்ணாடி துடைக்கும் துணி.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏலே கார்த்தி, காலையில இருந்து நீதான இங்கன இருக்க. நீ பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலையில் அடைத்துக்கொண்ட வாய் அப்போது தானாகத் திறந்தது. "பின்னாடி பாத்ரூம்ல ஒரு வாளி இருக்குங்க" என்றேன்.

"போய் எடுத்துட்டு வா. உன் கையாலயே விடு" என்றார் முதலாளி அக்காவிடம்.

எடுத்து வந்தாள். ஸ்டூல் புது வீட்டுக்கு வரவில்லை, அதனால் நின்றபடியே வாளியைத் தொட்டித் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தாள். மாப்ள முதலில் வெளியே போனான். பெரியவ அவள் விரலைச் சுற்றிச் சுற்றி வந்தது, விலக மாட்டேன் என்றது. அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

ஓவியா கைதட்டியது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பெரியவ நேராக நடுக் கல்லுக்குப் போனது. அத்தனை கற்களும் இடம் மாறி, நிறம் மாறிக் கிடந்தும், அதற்குத் தெரிந்திருந்தது. சாமந்தி இருந்த அந்தக் குழியில், சுரண்டிய பிரஷ் கோடுகள் மேலேயே, உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் படுக்கப் பார்த்தது. மாப்ளயும் பின்னாலேயே போய் ஒண்டிக்கொண்டான். "அய், தூங்குது!" என்றாள் யாரோ ஒருத்தி. கண்ணாடியில் தெறித்திருந்த தண்ணீரை அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பதினொன்றும் மிதந்தன. "அவ கை ராசி அப்புடி. திருட்டுப் புத்தியோட விட்டா எது தங்கும்?" என்றார் மகாலட்சுமி அம்மா. செத்த மீன்களை வாரிப் போடவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வாரிப் போட்ட பிறகு, இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாம், குடோனுக்கே போ என்றார்கள். தொட்டியில் இப்போது பிளாஸ்டிக் பவளமும் நல்ல தண்ணீர் மீனும் இருக்கின்றன. மூன்று மாடி வயரிங் வேலை எனக்குக் கிடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துக் குடோனில் மோட்டார் பார்க்கப் போனேன். அக்கா பழைய இடத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில், அவள் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவள் காயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தம்பி, அன்னிக்கு ஒங்க பம்ப அங்கனயே விட்டுட்டேன்" என்றாள். "திருப்பிக் குடுத்தாகளா?"

"குடுத்துட்டாகக்கா" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, ஒரு வெளுத்த காயை எடுத்துத் தனியாகப் போட்டாள்.