மில் கடிகாரங்களை நிறுத்திய கேமரா

கேமராக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கை நீட்டுவது மேல் தட்டை நோக்கி, கடைசியில் வாங்கிப் போவது கீழ்த் தட்டிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் படுகிற அவஸ்தையைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். பிடித்த கேமராவுக்கும் கையிலிருக்கும் காசுக்கும் இடையில் ஒருமுறையாவது மாட்டிக்கொண்டு விழித்தவர் என்றால், வாருங்கள், நீங்களும் நானும் ஒரே பெஞ்சு.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் சிக்கந்தர் அண்ணனின் கடையில் மூன்று வருஷம் கவுண்டரில் நின்றேன். முன்பக்கம் கேமராவும் பிலிம் ரோலும் விற்கிற கடை, பின்பக்கம் ஸ்டூடியோ. படம் எடுப்பதும் கழுவுவதும் பேச்சிமுத்து அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் எட்டாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு இங்கிலீஷிலும் படித்தவள். அதனால் பெட்டிக்குள் வருகிற குறிப்புப் புத்தகங்களை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. இருபது வருஷம் வடக்கே பிழைத்துவிட்டு இப்போது நாற்பத்தெட்டு வயதில் ஊருக்கே திரும்பியிருக்கிறேன். சாமான்களை ஒதுக்கி வைத்தபோது அப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. அதனால்தான் இத்தனையும் ஞாபகம் வந்தது.

கம்மியாகப் படம் எடுக்கும் கேமரா

கான்சாபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். மாந்தோப்புக் குத்தகைப் பணம் கைக்கு வந்த தெம்பில், மகளின் சடங்குக்கு ஒரு கேமரா வாங்க நினைத்திருந்தார். எண்ணூறு ரூபாய்க்கு மேல் பேச்சில்லை என்றார். மூன்று கேமராக்களை எடுத்து வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. ஒரு ரோலுக்கு எத்தனை படம் என்று மட்டும் கேட்டார். முப்பத்தாறு என்றேன். விற்கிற ஆசையில், "இந்தக் கேமரான்னா முப்பத்தெட்டு வரைக்கும் இழுக்கலாம்" என்று சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் கேமரா வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ரோல் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரிண்டு போட வேண்டும். தைப்பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி வரைக்கும் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். கழுவினால் ஒரே ரோலில் காதுகுத்து, புது மாடு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று வரிசையாக வரும். அவர் எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இருக்கதுலயே கம்மியாப் படம் எடுக்குற கேமராவாப் பாத்துக் குடு தாயி. வாங்குன பொறவு அது என் மச்சினன் கையிலதான் இருக்கும்."

மூன்று நோட்டீசும் ஒரு மொட்டைமாடியும்

ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் போட்டோவுடன் அடையாள அட்டை கொடுக்க முடிவு செய்தார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அட்டை அடிக்கப் போகிறார்களாம். டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை என்று மானேஜர் சொல்லிவிட்டார். மொத்தம் நூற்று முப்பது பேர். ஒழுங்காகச் செய்தால் அவர்களுடைய மற்ற இரண்டு மில் வேலையும் நமக்கே. சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரிடமும் டிஜிட்டல் கேமரா இல்லை. எங்களிடமும் இல்லை.

சிக்கந்தர் அண்ணனிடம் பதினெட்டாயிரம் ரூபாய் இருந்தது. அவர் மனைவி நூர்ஜகான் அக்கா, ஒழுகுகிற மொட்டைமாடிக்குத் தளம் போடச் சேர்த்து வைத்த பணம் அது. அண்ணன் மதுரைக்குப் போய் மூன்று கேமராக்களின் நோட்டீஸ் வாங்கி வந்து என் முன்னால் வைத்து, "ஈசு, நீ எதச் சொல்லுதியோ அதுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒன்று, படத்தைப் பதிய கம்ப்யூட்டர் பிளாப்பியை முழுங்குகிற ரகம். அதை வாங்க வீட்டையே விற்க வேண்டும். இரண்டாவது விலை குறைவு, ஆனால் எடுத்த படத்தை அதில் பார்க்க முடியாது. மூன்றாவதின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை இருந்தது. எடுத்ததும் படத்தைக் காட்டும். ஒரு வாரம் வாசித்து, மூன்றாவதைச் சொன்னேன். பணத்தில் இருநூறு ரூபாய் மிஞ்சியது. கேமரா வந்த அன்று நூர்ஜகான் அக்கா கடைக்கே வந்து, தேங்காய் வாங்குகிற மாதிரி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஐப்பசி மழைக்கு முன்னாடி இது சம்பாதிச்சுக் குடுத்துரணும் ஈசு. இல்லேன்னா ஒழுகுற எடத்துல வாளிக்குப் பதிலா இதத்தான் வைப்பேன்."

கறுப்புக் காகிதம்

முதல் படம் கடை வாசலில் எடுத்தோம். படம் உள்ளே இருக்கிற சின்ன மெமரி அட்டையில் பதிவாகும் என்று பேச்சிமுத்து அண்ணனிடம் சொல்லியிருந்தேன். மனிதர் கேமராவோடு இருட்டறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்துத் தட்டினேன். "தெறக்காத, தெறக்காத, வெளிச்சம் பட்டிரும்!" என்று உள்ளேயிருந்து சத்தம். வெளியே வந்தபோது அட்டையைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, மேலே சாக்பீசால் '1' என்று எழுதியிருந்தார். இதற்கு இருட்டு வேண்டாம் அண்ணே என்று விளக்கினேன். காயத்துக்குப் போட்ட கட்டை அவிழ்ப்பதுபோலக் காகிதத்தைப் பிரித்து, அட்டையை வெயிலில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்: "வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுத. அப்ப இது உள்ள என்னத்தத்தான் பிடிச்சு வச்சிருக்கு?"

முப்பத்தெட்டாவது ஆள்

மில்லில் பகல் ஷிப்டு மாறுகிற மூன்று மணிக்குக் கேண்டீனில் ஏற்பாடு. சுவரில் நீலத் துணி கட்டினோம். பேச்சிமுத்து அண்ணன் படமெடுக்க, நான் பேர் எழுதிக்கொண்டேன். முதல் ஆளுக்கு எடுத்ததும் திரையைக் காட்டினேன். "ஏலே, இங்க வாங்கல! எடுத்த ஒடனே வந்துருச்சுல!" என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசை கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் படத்தைப் பார்த்தார், கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினார், கூட்டாளியின் படத்தையும் பார்க்க நின்றார். திரை அணையவே இல்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை, நான் தேர்ந்தெடுத்த கேமரா அல்லவா!

பத்தொன்பதாவது ஆளோடு கேமரா கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. நாலு பேட்டரிக் கட்டைகளையும் மாற்றினேன். முப்பத்தெட்டில் மறுபடியும் அணைந்தது. கையில் வேறு கட்டை இல்லை. வாசல் பெட்டிக்கடையில் டார்ச்சுக்குப் போடும் பெரிய கட்டைதான் இருந்தது. சூப்பர்வைசர் வந்து, "மூணே முக்காலுக்கு மேல ஆளுகள நிறுத்த முடியாதும்மா. இன்னிக்கு முடியலேன்னா மதுரையிலருந்து வேற ஆளக் கூப்பிடச் சொல்லிட்டாரு மானேஜர்" என்றார். ஆபீஸ் போனில் சிக்கந்தர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது எனக்கு அந்த மொட்டைமாடிதான் கண்ணில் நின்றது. திரும்பி வந்தால், ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படமெடுத்த பேச்சிமுத்து அண்ணன் கேமராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எட்டுக் கட்டையத் தின்னுட்டு எந்திரிச்சிருச்சு பாத்தியா. சம்பந்தி வீட்டுக்காரக கூட இப்படித் தின்னு நான் பாத்ததில்ல."

மணி என்ன?

வரிசையில் முப்பத்தொன்பதாவதாக நின்றவர் மாரியம்மாள். செட்டியார்பட்டி. நாற்பது வயது இருக்கும். "என்ன கட்ட அது, காட்டு" என்று வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கேண்டீன் சுவரைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பெஞ்சில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார். பின்னால் நின்ற பெண், "ஏட்டி மாரி, சூப்பர்வைசர் வாராரு" என்று பதறினாள். "வரட்டும். அட்ட இல்லேன்னா ஒண்ணாந்தேதி கேட்டுக்குள்ள விட மாட்டாக. பொறவு மணி தெரிஞ்சு நான் என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டே கட்டையை உருவி என் கையில் வைத்தார். கேண்டீன் ரேடியோவிலிருந்து இரண்டு வந்தது. டைம் ஆபீஸ் கடிகாரத்திலிருந்து ஒன்று வந்தது. நாலு சேர்ந்ததும் கேமரா கண் விழித்தது. நாலே படம், மறுபடியும் படுத்துவிட்டது.

அதற்குள் மில் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருத்தர் தன் கைக்கடிகாரத்தையே கழற்றி நீட்டினார். அதிலிருக்கும் பொட்டுக் கட்டை உதவாது என்று திருப்பிக் கொடுத்தேன். இன்னும் நாலு படம் ஓடியது. கடைசியில் அந்த சூப்பர்வைசர் தன் அறைக்குள் போய், மேஜைக் கடிகாரத்தின் கட்டையை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுத்துவிட்டு, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்: "மில்லுல இனி ஓடுற கடிகாரம் ஒண்ணு கெடையாது. மூணே முக்கால் ஆச்சா இல்லயான்னு நான் யாருகிட்டப் போய்க் கேக்க? இருந்து எடுத்து முடிங்க."

சின்ன டிவி

சிக்கந்தர் அண்ணன் ஸ்கூட்டரில் ஒரு மஞ்சள் பையோடு வந்து சேர்ந்தார். நாலு கடை ஏறி இறங்கிப் பன்னிரண்டு நல்ல கட்டைகள் வாங்கியிருந்தார். "தப்பான கேமராவச் சொல்லிட்டேன் அண்ணே" என்றேன். அவர் பையைக் கொடுத்துவிட்டு, வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் போய்விட்டார். இன்னும் எண்பத்துநாலு பேர் பாக்கி. முன்போலவே தின்றால் பன்னிரண்டு கட்டை அறுபது பேருக்குக்கூடக் காணாது. பேச்சிமுத்து அண்ணன் யோசித்தார். பிறகு திரைக்குப் பக்கத்துப் பொத்தானை அமுக்கி அதை அணைத்தார். மேலே இருந்த சின்ன ஓட்டையில் கண்ணை வைத்து, பழைய கேமராவில் எடுப்பதுபோலவே எடுக்க ஆரம்பித்தார். எண்பத்துநாலு பேரும் முடிந்தார்கள். பையில் நாலு கட்டை மிச்சம். "எங்களுக்கு மட்டும் காட்டலியே!" என்று கூட்டம் முணுமுணுத்தபோது அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "முப்பது வருசமா சனங்க படம் கைக்கு வந்த பொறவுதான் மூஞ்சியப் பாத்துச்சு. இன்னிக்கு மட்டும் என்ன அவசரம்?"

கடைசிப் பக்கம்

மறுநாள் குறிப்புப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். நான் படிக்காமல் விட்டது கடைசிப் பக்கம் ஒன்றுதான். 'திரையை அணைத்து வைத்தால் பேட்டரி பல மடங்கு உழைக்கும்' என்று அதில்தான் போட்டிருந்தது. மறைக்க மனசில்லை. சிக்கந்தர் அண்ணன் முன்னால் போய் நின்று, தமிழில் ஒரு தடவை சொல்லி, இங்கிலீஷிலும் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். இத்தோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத நீ முன்னாடியே படிச்சிருந்தா, அந்த நாலு பேட்டரிக் கடைக்காரக எனக்குப் பழக்கமாயிருக்க மாட்டாகளே தாயி."

முழித்திருக்கும் மாரியம்மாள்

படங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஏற்றினோம். நூற்று முப்பதில் ஒன்றே ஒன்றுதான் பழுது. கடிகாரக் கட்டையில் முதலாவதாக எடுத்த படம், திரையில் போட்டுப் பார்க்கத் தெம்பில்லாத நேரத்தில் எடுத்தது. கண்ணை இறுக மூடியபடி மாரியம்மாள்! கடிகாரத்தைக் கழற்றித் தந்த ஆளுக்கு மட்டும் அட்டை இல்லை என்று ஆகிவிடக்கூடாதே. ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் மிச்சமிருந்த நாலு கட்டைகளையும் எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

"எனக்கு எப்பவும் அப்படித்தான். கல்யாண போட்டோவுலகூடத் தூங்குதேன். பளிச்சுனு வருமேன்னு நெனச்சாலே மூடிக்கிருது" என்றார். பதினோரு படம் எடுத்தேன். பதினொன்றிலும் தூக்கம். வேறு வழியில்லாமல் திரையைப் போட்டு ஒவ்வொன்றாக அவருக்கே காட்டினேன். மூன்றாவதில் உதட்டைக் கடித்தார், ஏழாவதில் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் பிளாஷை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், சத்தமில்லாமல் பன்னிரண்டாவதை எடுத்தேன். பெரிய கண்கள், ஓரத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "முழிச்சிருந்தா நான் இப்படித்தான் இருப்பேனா? இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலியே தாயி."

வாளிகள்

நூற்று முப்பது அட்டையும் ஒண்ணாந்தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டு மில் வேலையும் வந்தது. ஐப்பசி பிறக்கும் முன் மொட்டைமாடிக்குத் தளம் போட்டார்கள். முதல் பெருமழை கொட்டிய அன்று நூர்ஜகான் அக்கா என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மேலே அடித்துப் பெய்கிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. சாப்பிட்டுக் கிளம்பும்போது மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்த வாளிகளைக் காட்டிச் சொன்னார்: "ஏட்டி ஈசு, இம்புட்டும் வேலையில்லாமக் கெடக்கு. கடைக்கு எடுத்துட்டுப் போய் அந்தக் கேமராவுல போட்டோ எடுத்து ஒட்டி வைங்க, வாரவகளுக்கு வித்துருவோம்."

இப்போதும் யாராவது கையைக் கடிக்காத விலையில் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டால், எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் சுவரில் கடிகாரமும் அதை ஏறிக் கழற்றித் தர ஆளும் இருக்கிற இடமாகப் பார்த்துப் படம் எடுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.