ரோட்டோரக் கருவாடும் என் அரியர் பேப்பரும்

2003 மே மாசம். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலேறி செங்கல்பட்டில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவருடைய கவனக்குறைவால் இன்னொருவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கேட்பது பற்றி ஒரு பேப்பர் உண்டு. அது மட்டும் இரண்டு தடவை என் காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவையும் போனால் படிப்புக்கு முழுக்கு என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனைக்கும் நான் படிக்காதவள் இல்லைங்க. கைடைத் தலைகீழாக ஒப்பிப்பேன். பரீட்சையில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து, யாருக்கு ஈடு கிடைக்கும் என்று கேட்பார்கள். அதைப் பாதிகூடப் படிக்காமல், தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வருவேன். அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டுவதில் ஒரு பெருமை வேறு!

பரீட்சை லீவில், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் இருந்த வகுப்புத் தோழி வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தேன். சவுக்கு நிழல், விடாத அலைச் சத்தம், காற்றெல்லாம் கருவாட்டு வாசனை. படிக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாத மதியம்.

தோழியின் அண்ணி ரோட்டோரத்தில் பாய் விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தாள். தார் ரோட்டுச் சூட்டில் சீக்கிரம் காயும் என்று அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அன்று காலை ஒரு டூரிஸ்ட் வேன் ரிவர்ஸ் எடுத்து முக்கால்வாசியை நசுக்கிவிட்டது. ரோட்டில் எவள் போடச் சொன்னது என்று அவளையே திட்டிவிட்டுப் போய்விட்டான் டிரைவர்.

"வக்கீலுக்குத்தான படிக்கிறீங்க? எனுக்கு எதுனா கெடைக்குமா?" என்றாள் அண்ணி.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். கவனக்குறைவு என்றால் என்ன, அதற்கு எத்தனை அம்சங்கள், வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்புகள்... மூச்சு வாங்க முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா இதுல நான் எங்க கீறேன்? என் மீனு எங்க கீது?"

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு தடவை ஏன் தோற்றேன் என்று அந்த நிமிஷம் புரிந்துபோனது.

அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. மீன் எங்கே கிடந்தது? பாதி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓரத்தில், பாதி உள்ளே ரோட்டில். ஏதாவது அடையாளம்? குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். வண்டியில் கிளீனர்? இறங்கிப் பார்க்கவே இல்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கைடில் செத்துக் கிடந்த வரிகள் எழுந்து வந்து அதனதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. கனவு மாதிரி இருந்தது. கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "கிடைக்கும் அண்ணி. ஆனா முழுசாக் கிடைக்காது. பாதி ரோட்டுல போட்டது உங்க தப்பு."

"என் மேலயும் தப்பா?" என்று முறைத்தாள். பிறகு எழுந்துபோய், மிச்சமிருந்த மீனைப் பாயோடு இழுத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் பக்கமாகப் போட்டாள்.

பரீட்சையில் வந்தது, தெருவில் குவித்த செங்கல்லில் ஒரு சைக்கிள்காரர் மோதி விழுந்த கதை. மூன்று தடவை படித்தேன். ஃபேன் சத்தம் அலைச் சத்தமாகவே கேட்டது. தகராறு என்ன என்று ஒரு வரி, சட்டம் இரண்டு வரி. பிறகு அந்தச் செங்கல்லையும் சைக்கிளையும் விடவே இல்லை. யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று முடிவும் சொல்லிவிட்டேன். மூன்றே பக்கம். சுற்றிலும் எல்லோரும் அடிஷனல் ஷீட் கேட்க, நான் என் மூன்று பக்கத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

பாஸ்!

அந்த வேன் கடைசிவரை அகப்படவில்லை. அண்ணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. இப்போது செங்கல்பட்டில் வக்கீலாக இருக்கிறேன். எந்த மனுவை எழுதி முடித்தாலும், வந்தவர் அதில் எங்கே இருக்கிறார், அவருடைய மீன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.