வெயிலில் நடித்தவர்

"உங்க வூட்ல சினிமாக்காரியா? ரீல் வுடாத மே!" என்று கல்லூரித் தோழி ஒருத்தி சிரித்தாள். மேற்குத் தாம்பரத்தில் விறகுக்கடை வைத்திருந்தவரின் மகள் நான்; எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். அதே வீட்டில் ஒரு நடிகையும் இருந்தார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

அப்பாவின் அத்தை அவர், எங்களுக்கும் அத்தைதான். பதினான்கு வயதில் ஊமைப் படத்தில் நடிக்கப் போனவர். உச்சி வெயிலில் கண்ணாடியைத் திருப்பி முகத்தில் வெளிச்சம் அடிப்பார்களாம்.

"அழுவற சீனுக்கு மருந்தே வாணாம். வெயிலே அழ வெச்சிடும்" என்பார்.

படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்வாராம்.

"என் பேச்சையும் அந்தாளுதான் பேசுவாரு, கட்டக் குரல்ல. தரை டிக்கெட்டுல குந்திகினு நானே சிரிச்சிருக்கேன்."

மூன்றாவது படத்தோடு வீட்டார் இழுத்து வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. இதையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் மட்டும் சொல்வார்.

அக்காவைப் பெண் பார்க்கப் படப்பையிலிருந்து வந்தார்கள். அத்தையின் பழைய கதை தெரிந்து ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா, மூலையில் இருந்த அத்தையையே உற்றுப் பார்த்தார்.

"உன்ன எங்கியோ பார்த்திருக்கேன். பேரு இன்னாம்மா?"

அப்பா முந்திக்கொண்டார். "அவுங்களுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுங்க."

அத்தை ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு காதருகே கையை வைத்து, ஒன்றும் புரியாதவர்போலத் தலையைச் சாய்த்துச் சிரித்தார். சம்பந்தம் முடிவானது. கிளம்பும்போது தாத்தா மட்டும் அத்தை முன் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் கை தட்டினேன். அத்தை சிரிக்கவில்லை.

சம்பந்தி வீட்டார் வரும்போதெல்லாம் அத்தை ஊமையானார். போகப் போக, நாங்கள் மட்டும் இருக்கும்போதும் பேசவில்லை. அக்கா பிள்ளை பெற்ற வருடம் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கும்பிடு வயதுக்குச் செய்த மரியாதை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். போன வருடம்தான் அக்கா சொன்னாள், தாத்தா சாகுமுன் அவளிடம் சொன்னதை: "உங்க அத்தைய பார்க்க சின்ன வயசுல மாட்டு வண்டி கட்டிகினு போவோம். அன்னிக்கி பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சி."

அத்தை வாயை மூடியிருக்க வேண்டியதே இல்லை.

பழைய படச்சுருள்களைக் காக்கும் இடம் ஒன்று புனேயில் இருக்கிறது. அவர் முகம் ஒரு துண்டிலாவது மிஞ்சியிருக்கலாம். "பொண்ணு தனியா அவ்ளோ தூரமா?" என்றார் அப்பா. இதை எழுதும்போது ரயில் அரக்கோணத்தைத் தாண்டிவிட்டது.