இறுக்கு அண்ணன் செய்த கணப்பு

அந்த மெக்கானிக்குக்குத் தெருவில் ‘இறுக்கு அண்ணன்’ என்று பெயர். அவர் முடுக்கிய நட்டை அவரே வந்தால்தான் கழற்ற முடியும். தெரு அதைக் கேலியாகச் சொன்னது. மனிதரோ பட்டம் வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். எண்ணெய் ஒழுகும் இடம் எதுவானாலும் அவருக்கு ஜென்மப் பகை.

பட்டறையின் பின்னறையில் அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைப்பவர். குளிர்காலம் வந்தால் விரல்கள் வீங்கி, மடங்க மறுக்கும். “கைக்குச் சூடு வேணும். இல்லேன்னா தையலை விட்டுடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையலை விடுவதா? அந்த அம்மாளிடம் உயிரை விடு என்றாலாவது யோசிப்பார். கரண்டு ஹீட்டரைப் பட்டறையின் பழைய ஒயர் தாங்காது.

வண்டிகளில் வடித்த பழைய எஞ்சின் ஆயில் பீப்பாயில் சும்மா கிடந்தது. அதை எரித்துக் கணப்பு செய்ய அண்ணன் களத்தில் இறங்கினார். தடித்த இரும்புக் குழாயை நிமிர்த்தி, அடியில் லாரியின் பிரேக் டிரம்மைக் கிண்ணமாக வைத்தார். எட்டத்தில் தொங்கும் டப்பாவிலிருந்து, அதன் அடியில் வைத்த சின்னக் குழாய் டேப் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்து எரியும். முதல் நாள் குழாயில் போட்ட காற்றுத்துளை போதவில்லை. கரும்புகை கக்கி, தைத்து வைத்த கோட்டெல்லாம் கரியாகிவிட்டது.

“நர்ஸுக்குத் தைச்சேன். இனிமே உங்களுக்குத்தான் ஆகும்” என்றார் மனைவி.

துளைகளைக் கூட்டியதும் புகை அடங்கி, அறை கதகதத்தது. மனைவி மறுபடி காஜா எடுத்தார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

“குளிர் ஏறினா எண்ணெய் கெட்டியாகும், சொட்டு குறையும். அப்போ டேப்பைக் கொஞ்சம் திற. அவ்வளவுதான்.”

“சரிங்க.”

ஒருநாள் காலை, பாதி வழியில் நின்றுபோன லாரியைப் பார்க்கப் போனவர் மதியம்தான் திரும்பினார். அறை ஜில்லென்றிருந்தது. நெருப்பு கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கை இன்னும் தைக்காத கோட்டின் முன்னால், அக்குளில் கைகளைச் செருகிக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! டேப்பைத் திருப்பினா என்னம்மா?”

“திருப்ப முடிஞ்சா எனக்கு எதுக்குங்க இந்த நெருப்பு?”

டேப்பைத் திருப்பும் காதில் துணித்துண்டு ஒன்று சுற்றியிருந்தது. அதன் முனை எச்சிலில் நனைந்திருந்தது. பல்லாலும் இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சொட்டும் ஒழுகக் கூடாதென்று அண்ணன் இறுக்கி வைத்த டேப். இத்தனை நாளும் அண்ணனேதான் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“எவ்வளவு ஆசையா செஞ்சீங்க…”

அண்ணனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்கென்று செய்ததை ஒரு தடவைகூட அவள் கையைக் கொண்டு யோசிக்கவில்லையே. டேப்பைத் தளர்த்தினார். முழ நீளக் கம்பி ஒன்றை அதற்குக் கைப்பிடியாகப் பொருத்தினார்.

“திருப்பிப் பார்க்கட்டுமா?” என்று எழுந்தார் மனைவி.

“இரு, நான் பார்க்கிறேன்.”

தையல் நாடாவை எடுத்து, தம் வலக்கை விரல்கள் மடங்காதபடி சேர்த்துச் சுற்றி, பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார். அந்தக் கட்டைக் கையோடு முழங்கையால் கம்பியைத் தள்ளினார். நகர்ந்தது. திரும்பவும் தள்ளினார். நெருப்பு மளமளவென்று எழும்பியது. மனைவி சிரிக்கத்தான் தொடங்கினார், கண் கலங்கிவிட்டது.

ஆனால் பழக்கதோஷத்தில் இறுக்கிவிட்ட முடிச்சு இடக்கைக்கு அசையவில்லை. கத்திரிக்கோலைத் தேடினார்.

“நல்ல நாடா, வெட்டாதீங்க. கையைக் கொண்டாங்க” என்று மனைவி அவரை நெருப்பருகே உட்கார வைத்தார். வீங்கிய விரல்களால், அவசரப்படாமல், அந்த முடிச்சை அவரே அவிழ்த்தார்.