கழுவிவைத்த மீன்கூடை

புயலன்று கடலுக்குப் போன எங்கள் கருக்களாச்சேரிப் படகுகள் சில திரும்பவேயில்லை. அவற்றில் போனவர்களின் வீட்டுப் பெண்களுக்கு மனம் ஆற, ஆசிரியைகள் நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். பள்ளிக்கூடத்தில் தினமும் பாட்டு, பேச்சு, காபி. மற்ற படகுகள் கரை சேரும் நேரத்தைத்தான் வேண்டுமென்றே குறித்தோம். அந்தக் காட்சி அவர்கள் கண்ணில் பட வேண்டாமே!

ஒருத்தியும் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள், அத்தானைப் பறிகொடுத்த என் அக்காவும்.

"உங்களுக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்? வாக்கா."

அக்கா கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடுப்பில் கழுவிய மீன்கூடை.

"நீ போடி. உன் அத்தான் வந்து இறங்கறப்ப நான் கூடையோட நிக்கலேன்னா, மீனை யாரு வாங்குவா?"