கொன்றவன் நடந்து போகும் படம்

எங்கள் வீட்டுக்கு வீடியோ டெக் வந்தபோது நான் பி.ஏ. முடித்துவிட்டு, நல்ல வரன் வரட்டும் என்று வீட்டில் இருந்தேன். பாகூர் கடைத்தெருவில் அப்பாவுக்கு உரக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் கூடத்தில் படம் போடுவான். புதுச்சேரியிலிருந்து வாடகைக்கு எடுத்து வரும் கேசட். தெருக்காரர்களும், கடையில் வாடிக்கையாக உரம் வாங்கும் பக்கத்து ஊர் செலியமேட்டுக் குடும்பங்களும் வந்து பாயில் உட்காருவார்கள். ஆண்கள் கதவுப் பக்கம், பெண்கள் டி.வி. பக்கம்.

அந்த ஞாயிறு சாமி படம் என்று சொல்லியிருந்தான். கேசட் பெட்டியின் மேல் ஒட்டியிருந்ததும் ஒரு சாமி படத்தின் பெயர்தான். பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் அம்மன் தரிசனக் காட்சிக்காகக் கற்பூரம் கூடக் கொண்டுவந்திருந்தாள். போட்டால், பனி மலை. ஒரு குதிரை. சின்னக் கண்ணும் கொண்டையுமாக ஓர் ஆள், இடுப்பில் கத்தி. வாய் ஒரு பக்கம் அசைய, இங்கிலீஷ் பேச்சு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாடகைக் கடைக்காரன் பெட்டிக்குள் கேசட்டை மாற்றி வைத்துவிட்டான்.

"இன்னாடா இது, சாமி சப்பான்ல பொறந்துதா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. வேறு கேசட்டும் இல்லை. "நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே, கதைய சொல்லு" என்று அண்ணன் என்னை டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. குதிரையைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன ஒரு குடியானவனை ஊர்த் தலைவனின் ஆட்கள் வெட்டிக் கொல்கிறார்கள். அவனுடைய மகன் வைக்கோலுக்குள் ஒளிந்தபடி பார்க்கிறான். மனைவி பிணத்தின் மேல் விழுந்து அழுகிறாள். அடுத்த காட்சியில் மகன் வளர்ந்து, மலையில் வெறுங்கையால் மரத்தைக் குத்திக்கொண்டிருக்கிறான். பிறகு இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கொல்கிறான்.

குடியானவன் விழுந்ததும் கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது. எல்லோருடைய கண்ணும் படத்தை விட்டுவிட்டு ஒரு பெண்மேல் போய் நின்றது. நான் சின்னம்மா என்று கூப்பிடும் செலியமேட்டுக்காரி. சில வருஷங்களுக்கு முன்னால் அவளுடைய புருஷனைப் பங்காளி ஒருவர் வாய்க்கால் கரையில் மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டார். கரும்புக்குத் தண்ணீர் திருப்புவதில் யாருடைய முறை என்ற தகராறு. கொன்றவர் சின்னம்மாவின் மகனுக்குப் பெரியப்பா முறை. தண்டனை முடிந்து அந்த வருஷம்தான் ஜெயிலிலிருந்து வந்து, அதே தெருவில், அதே வீட்டில் இருந்தார். மகனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். அவனும் கதவோரம் உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் டெக்கை நிறுத்தக் கையை நீட்டினான்.

"ஏன் நிறுத்தற? போடு" என்றாள் சின்னம்மா.

படம் ஓடியது. மெள்ள மெள்ள மறுபடி பேச்சு கிளம்பியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், இந்தோசீனாவில் தான் பார்த்த ஜப்பான்காரன் யாரும் இப்படிக் குதித்ததில்லை என்றார். எல்லாச் சண்டையும் அதே மூன்று மரங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்தான். முதலில் செத்த ஒருவன் மீசை ஒட்டிக்கொண்டு மறுபடி வந்து செத்தபோது கூடமே ஆரவாரம் செய்தது. ஆனால் கடைசியில் மகன் அந்தத் தலைவனைக் கொன்றுவிட்டுக் கத்தியைப் பனியில் போட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனபோது ஆண்கள் பக்கம் கை தட்டினார்கள். "ஆம்பளைக்குப் பொறந்த புள்ள!" என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னம்மாவின் மகன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மூன்று நாள் கழித்து சின்னம்மா தனியாக வந்தாள். அண்ணன் அந்தக் கேசட்டை இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை.

"பாப்பா, அந்தக் கடைசி எடம் மட்டும் போடேன்."

போட்டேன். தலைவன் முட்டி போட்டுச் சரிந்து விழுவதை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னொரு தபா" என்றாள். திருப்பிப் போட்டேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கெஞ்சிக் கேட்டுச் சாப்பிடுகிறவளைப் போல இருந்தாள். படம் முடிந்து டி.வி.யில் வெறும் கோடுகள் ஓடிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கேட்டாள்: "அந்த அம்மா இன்னா ஆனா?"

"எந்த அம்மா?"

"அதான், மொதல்ல அழுதாளே. அவன் பொண்டாட்டி. அப்பறம் காட்டவே இல்லியே."

எனக்கே அப்போதுதான் தோன்றியது. அந்தப் பெண் ஒரே காட்சியில் வந்து அழுததோடு சரி. "காட்டலை சின்னம்மா" என்றேன்.

"புள்ள மலைக்குப் போய்ட்டான். அவ இன்னா தின்னா? யாரு வூட்ல இருந்தா? திரும்பி வந்தவன் அம்மாவ போய் பாத்தானா?" டி.வி.யை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நல்லா எடுக்கல படம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஊருக்குப் படம் பிடித்துப்போயிற்று. அண்ணன் கேசட்டைத் திருப்பிக் கொடுக்காமல் விலைக்கே வாங்கிவிட்டான். எத்தனையோ நாளாக அந்தப் பையனிடம் கேட்க நினைத்ததைக் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. அவனுக்கு 'ஜப்பான்' என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில், கரும்பு லோடு ஏற்றும் இடத்தில், பஸ் நிறுத்தத்தில், எங்கே போனாலும் "ஜப்பான் வரான் பாரு", "இன்னா ஜப்பான், எப்ப மலைக்குப் போற?" என்றுதான் பேச்சு. கேலி போலத்தான் இருக்கும். முழுக்கக் கேலியும் இல்லை.

ஒருநாள் கடைக்கு வந்தவன் என்னிடம் பொரிந்து தள்ளினான்.

"அந்தப் படத்த ஏன்க்கா போட்டீங்க? ரத்தம் பாத்தாலே தெரியல, கேசரிப் பவுடரக் கரச்சி ஊத்திக்கிறான். அத பாத்துட்டு எல்லாரும் எனுக்கு வேல வெக்கிறாங்க. தைரியம் இருந்தா அவன்கிட்ட போய் ஏன்டா அடிச்சேன்னு ஒருத்தன் கேக்கட்டுமே. மாட்டாங்க. அவன்கிட்ட பீடி வாங்கிக் குடிப்பாங்க. நான்தான் கத்தி எடுக்கணும்."

"உனக்குக் கோபம் இல்லியா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்குது. அது என் கோவம். இவுங்களுக்கு இன்னா?" என்றான்.

இந்தப் பெயர் அந்தப் பெரியப்பாவின் காதுக்கும் போயிருக்கிறது. அவர் வாய்க்கால் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார், ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் கழனிக்குப் போகிறார் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஒரு மதியம், வெயிலில் தெருவே ஆளில்லாமல் இருந்த நேரம், அவர் எங்கள் கடைக்கு வந்தார். உரம் கேட்கவில்லை. அப்பாவிடம், "அந்த சப்பான் படம் ஒங்க வூட்ல இருக்குதாமே. நான் பாக்கலாமா?" என்று கேட்டார்.

அப்பா யோசித்தார். பிறகு கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு அவரை உள்ளே அழைத்துவந்தார். "போட்டுக் காட்டும்மா. நானும் கூட இருக்கேன்" என்றார் என்னிடம்.

நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மெலிந்த ஆள். ஜெயிலில் வெட்டிய மாதிரியே ஒட்ட வெட்டிய முடி. இந்தக் கைதானே என்று அவருடைய கையையே பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா கிடந்தது அந்தக் கை. நான் கதை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். மீசை ஒட்டி வந்த ஆளைப் பார்த்தும் சிரிக்கவில்லை. தலைவன் விழுந்தபோதும் அசையவில்லை. மகன் நடந்து போனதும் படம் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"அந்தப் பையன் அப்பறம் இன்னா ஆவறான்?"

"நடந்து போறான். அதோட முடிஞ்சிபோச்சு."

"போலீஸ் வரல? ஜெயிலு?"

"அதெல்லாம் காட்டலைங்க."

தலையை ஆட்டினார். "பொய்ப் படம்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "கொன்னவனால அப்டி நடந்து போவ முடியாது. காலு வராது. அன்னிக்கு நான் எழுந்து ஓடணும்னுதான் பாத்தேன். காலு வரல. அவன் பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். தண்ணி அது பாட்டுக்குப் போய்கினு இருந்துது, எங்க ரெண்டு பேரு கழனிக்கும் போவாம."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். போகும்போது, "அந்தப் பையன யாரும் அப்டி கூப்புட வேணாம்னு சொல்லுங்க. எனுக்காவ சொல்லல" என்றார்.

அவரை வெறுக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. முடியாமல் போனது சின்னம்மாவுக்குத் துரோகம் செய்தது மாதிரி இருந்தது. கடைத்தெருவில் எதுவும் ஒளியாது. மறுநாள் காலையே சின்னம்மா வந்து நின்றாள்.

"வந்தானாமே. இன்னா சொன்னான்?"

மறைக்க நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். கால் வரவில்லை என்று அவர் சொன்னது வரைக்கும். கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆமா, அங்கதான் குந்திகினு இருந்தான்" என்றாள். "நான் ஓடியாந்தேன். என்னெ பாத்தான். ஏன் ஓடல, என்னெயும் அடிக்கப் போறானான்னு நெனச்சேன். இத்தினி வருசமா அப்டித்தான் நெனச்சிகினு இருக்கேன்." அப்புறம், "காலு வரலியா அவனுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மன்னித்த குரல் இல்லை அது. கணக்கு ஒன்று ஒத்துவராமல் திரும்பப் போட்டுப் பார்ப்பவளின் குரல்.

அப்பா அன்றைக்கே டீக்கடைக்குப் போய், அந்தப் பையனை இனிமேல் யாராவது ஜப்பான் என்று கூப்பிட்டால் தன் கடையில் உரம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். பெயர் உடனே போய்விடவில்லை. வேறு பேச்சு வந்ததும் தானாகத் தேய்ந்துபோயிற்று.

கல்யாணமாகி நான் வில்லியனூர் போய்விட்டேன். சில வருஷம் கழித்து ஆடி மாதத்தில் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தப் பெரியப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அவருக்கு மடுகரையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள்தான். பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்க வேண்டிய முறை யாருக்கு என்று பார்த்தால், சின்னம்மாவின் மகனுக்கு. ஊர்ப் பெரியவர்கள் சின்னம்மாவிடம் போய்க் கேட்டார்கள். "எனுக்குத் தெரியாது. அவன் வயசுக்கு வந்த புள்ள. அவனையே கேளுங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாளாம்.

அவன் வைத்தான்.

அன்று சாயங்காலமே ஊர் இரண்டாகப் பேசியது. இவனெல்லாம் ஒரு பிள்ளையா என்று பாதி. பெரிய மனசு என்று பாதி. என் அண்ணன் முதல் பாதியில் இருந்தான். இரண்டு நாள் கழித்து, மொட்டைத் தலையோடு சின்னம்மாவின் மகன் கடைக்கு வந்தான். தீட்டு என்பதால் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றான். அப்பா யூரியா மூட்டையை வெளியே எடுத்துவரச் செய்தார். நான் போய் அவனிடம் கேட்டேன்: "எப்படிப்பா மனசு வந்துது?"

"மனசுல்லாம் இல்லக்கா" என்றான். "பொணத்த வெளிய கொண்டாந்து போட்டுட்டு, யாரு வெக்கறதுன்னு மத்தியானம் வரிக்கும் பேசிகினே இருந்தாங்க. மொகத்துல வெயிலு. அவரு பொண்ணு முந்தானையால மறச்சிகினே நின்னுது. என்னால பாக்க முடியல. அதான்."

"அம்மா?"

"ஒன்னும் சொல்லல. வந்ததும் குளிக்கத் தண்ணி எடுத்து வெச்சிருந்தாங்க." மூட்டையை சைக்கிளில் கட்டினான். "கருமாதிக்கு வந்துடுங்க."

நானும் அப்பாவும் போனோம். அண்ணன் வரவில்லை. அந்தப் பையன் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். நான் அவனோடு வாதாடுவதில்லை. சின்னம்மா அந்தப் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் நின்று பாத்திரங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செத்தவரின் மகளோடு அவள் பேசியதை நான் பார்க்கவில்லை. பந்தியெல்லாம் முடிந்து கடைசியில் என் பக்கத்தில் வந்து இலை போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சாம்பார்ல உப்பு பத்தல பாப்பா" என்றாள். உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, இருவரும் சாப்பிட்டோம்.